பொறி நிறைய வண்டு, ஆனாலும் குருத்தில் வெட்டு: வாசனைப் பொறி பற்றி வாசகர் கேள்விகள்

இரண்டு இதழ்களுக்கு முன்னால், பூச்சியை வாசனை காட்டி இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி பற்றியும், அதில் விழுவதை எண்ணி வைப்பது பற்றியும் இந்தப் பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளும் இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த மாதம் மொத்தப் பக்கமும் இதற்குத்தான். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஆனைமலை பக்கம் 3 ஏக்கர் தென்னை வைத்திருக்கிறேன். அதில் ஒரு ஏக்கர் போன வருடம் வைத்த கன்று. காண்டாமிருக வண்டுக்குப் பொறி வாங்கி, கன்றுகளைக் காப்பாற்றத்தானே என்று கன்றுகளுக்கு நடுவிலேயே கம்பம் நட்டு மாட்டினேன். வண்டு விழுகிறது. ஆனால் பொறியைச் சுற்றியிருக்கும் கன்றுகளில்தான் குருத்து அதிகமாக வெட்டுப்படுகிறது. இது எப்படி? — பொள்ளாச்சி வாசகர்

முதலில் அந்தப் பொறியை அங்கிருந்து எடுத்துவிடுங்கள், இன்றைக்கே. காரணத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

பொறிக்குள் தொங்கும் அந்தச் சின்னப் பொட்டலத்தில் இருப்பது ஆண் வண்டு விடும் வாசனை. எத்தில் 4-மெத்தில் ஆக்டனோயேட் என்று பெயர், 1990-களின் நடுவில் இந்தோனேசியாவின் சுமத்ராவில் பிடித்த வண்டுகளை வைத்துக் கண்டுபிடித்தார்கள். இந்த வாசனை பெண்ணை மட்டும் கூப்பிடுவதில்லை. ஆண், பெண் இரண்டையும் கூப்பிடும். "இங்கே தின்ன இடம் இருக்கிறது" என்று ஊருக்கே தண்டோரா போடுகிற மாதிரி. நீங்கள் அந்தத் தண்டோராவை இளங்கன்றுகளுக்கு நடுவில் நின்று போட்டிருக்கிறீர்கள். இருட்டில் வாசனையைப் பிடித்துக்கொண்டு பறந்து வருகிற வண்டு எல்லாம் தட்டில் மோதி வாளிக்குள் விழுந்துவிடாது. கொஞ்சம் விழும், கொஞ்சம் பக்கத்தில் இறங்கும், இறங்கிய இடத்தில் கைக்கெட்டுகிற உயரத்தில் பிஞ்சுக் குருத்து இருந்தால் அதற்கு வேறென்ன வேண்டும்?

பொறியைத் தோப்பின் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். கன்று இருக்கும் பக்கம் வேண்டாம், எருக்குழியோ நார்க்கழிவு மேடோ இருக்கும் பக்கம் வையுங்கள். இரண்டரை ஏக்கருக்கு ஒரு பொறி போதும். நெருக்கி நெருக்கி வைத்தால் நிறைய பிடிபடும் என்று கடைக்காரர் சொல்வார், பக்கத்துத் தோப்பு வண்டையும் சேர்த்துக் கூப்பிட்டுக்கொள்வோம் என்பதைச் சொல்ல மாட்டார்.

கன்றுகளுக்குத் தனியாகப் பாதுகாப்பு வேண்டும். நடுக்குருத்தை ஒட்டிய மட்டை இடுக்கில் கன்றுக்கு 3 ரசகற்பூர உருண்டை வைத்து மேலே மணல் போட்டு மூடலாம். வேப்பம்புண்ணாக்கு ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து இடுக்குகளில் போடுவதும் நன்றாகவே வேலை செய்கிறது. பழைய நைலான் மீன்வலைத் துண்டைக் குருத்தின் அடியில் சுற்றி விட்டால் வண்டின் கால் அதில் சிக்கிக்கொள்ளும். வாரம் ஒருமுறை கன்றுகளுக்குள் நடந்து பாருங்கள். மட்டை இடுக்கில் ஈரமாக, மென்று துப்பிய சக்கை போல நார் தள்ளியிருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது, கொக்கிக் கம்பி விட்டு எடுத்துவிடலாம். விரிந்த ஓலையில் கத்தரிக்கோலால் வெட்டியது போல முக்கோண வெட்டு தெரிந்தால் அது எப்போதோ கடித்தது. ஓலை குருத்துக்குள் மடிந்திருந்தபோது ஒரே கடியாகக் கடித்தது விரிந்த பிறகு கோலம் போட்ட மாதிரி ஒரே அளவில் வரிசையாகத் தெரிகிறது. அதைப் பார்த்துவிட்டு இன்றைக்கு மருந்தடித்துப் பயனில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தென்னையைக் கடிப்பது வளர்ந்த வண்டு மட்டும்தான். அதன் புழு மரத்துக்குப் போவதே இல்லை, எருக்குழியிலும் மக்கிய நார்க்கழிவிலும் செத்து விழுந்த தென்னங்கட்டையிலும் மாதக்கணக்கில் கிடந்து கொழுக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் நார்க்கழிவு எங்கெங்கே மலைபோலக் குவிந்திருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எருக்குழியைக் கிளறி, வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் கட்டைவிரல் தடிமன் புழுக்களைப் பொறுக்குங்கள், கோழிகள் பக்கத்தில் இருந்தால் அவையே பார்த்துக்கொள்ளும். அப்புறம் குழியில் மெட்டாரைசியம் என்ற பச்சை மஸ்கார்டைன் பூஞ்சாணத்தைக் கலந்து விடுங்கள், கொஞ்சம் ஈரம் காத்தால் போதும். சில வாரம் கழித்துக் கிளறினால் புழு விறைத்து, மேலே பாசி படிந்தது போலப் பச்சைப் பொடி பூத்துக் கிடக்கும். அந்தக் காட்சியை ஒருமுறை பார்த்தவர் எருக்குழியை மறக்கவே மாட்டார். பொறி மட்டும் மாட்டிவிட்டு எருக்குழியை விட்டுவைப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

கேள்வி: பொறியில் விழுந்த வண்டை எண்ணச் சொல்கிறீர்கள். எண்ணி என்ன செய்வது? — பேராவூரணி வாசகர்

நான் ஆத்திரத்தோடு பதில் சொல்லக்கூடிய கேள்வி இது, ஆத்திரம் உங்கள் மேல் இல்லை. பொறியை விற்கிறவர்கள் வண்டைக் கொல்லும் சாமானாக மட்டும் விற்கிறார்கள். என்னைக் கேட்டால் பொறிக்கு முதல் வேலை செய்தி சொல்வது, கொல்வது இரண்டாவது வேலை. ஒரு நூறு பக்க நோட்டு வாங்கிப் பொறிக்குப் பக்கத்துச் சாளையில் ஆணியில் மாட்டுங்கள். வாரம் ஒருநாள், அதே கிழமை, எத்தனை வண்டு என்று எழுதுங்கள். இரண்டு மாதம் போனால் உங்கள் தோப்பில் எந்த மழைக்கு அப்புறம் வண்டு ஏறுகிறது, எந்த மூலைப் பொறியில் அதிகம் விழுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த மூலையைச் சுற்றி நடந்தால் பெரும்பாலும் ஒரு மக்கின குவியல் கண்ணில் படும், அது உங்களுடையதாகவும் இருக்கலாம், வேலிக்கு அந்தப் பக்கமும் இருக்கலாம்.

ஆண், பெண் பிரித்தும் எழுதலாம். ஆணுக்குக் கொம்பு நீளம், பெண்ணுக்குக் குட்டை. கொம்பை வைத்துச் சந்தேகமாக இருந்தால் வண்டைக் குப்புறத் திருப்பி வால் நுனியைப் பாருங்கள், பெண்ணுக்கு அங்கே செம்பழுப்பு முடி கொத்தாக இருக்கும், ஆணுக்கு வழவழவென்று இருக்கும். பத்து வண்டு பார்த்தால் கை பழகிவிடும்.

கேள்வி: கிருஷ்ணகிரியில் 4 ஏக்கர் மா. பழ ஈ பொறியை ஒவ்வொரு மரத்துக்கும் மாட்டாத குறை. டப்பா டப்பாவாக ஈ சாகிறது. பங்கனப்பள்ளி ஓரளவு தப்பியது, ஆனால் நீலத்தை அறுத்தால் பாதிப் பழத்தில் புழு. இவ்வளவு ஈ செத்தும் ஏன்?

டப்பாவில் செத்துக் கிடக்கும் ஈக்களை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டி, வயிற்றின் பின்நுனியைப் பாருங்கள். பெண் ஈக்குப் பின்னால் ஊசி போல நீண்டு கூராக இருக்கும், அதை வைத்துத்தான் மாங்காய்த் தோலில் குத்தி முட்டையிடுகிறது. உங்கள் டப்பாவில் கூர்நுனி ஈ ஒன்றுகூட இருக்காது என்று நினைக்கிறேன். அத்தனையும் மழுங்கிய வால் உள்ள ஆண்.

பொறியில் இருக்கும் மீத்தைல் யூஜினால் என்ற வாசனைப் பொருள் ஆண் ஈயை மட்டும்தான் இழுக்கும். முட்டையிடுகிற பெண் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சரி, ஆணைக் கொன்றால் பெண்ணுக்கு இணை கிடைக்காதே என்றால், கிடைக்கும். ஒரு ஆண் ஈ பல பெண்களோடு சேரும். நூறில் எண்பது ஆணைக் கொன்றாலும் மிச்சம் இருபது போதும், உங்கள் நீலத்துக்கு. கிட்டத்தட்ட எல்லா ஆணையும் அழித்தால்தான் பெண் கருவில்லாத முட்டையிடும். அதுவும் அவை இணை சேர்வதற்கு முன்னால் அழிக்க வேண்டும். காய் முற்றி மஞ்சள் தட்டும்போது மாட்டுகிற பொறி காலம் கடந்தது. அறுவடைக்கு ஒன்றரை மாதத்துக்கு முன்பே, ஏக்கருக்கு 8 முதல் 10 வரை மாட்டிவிட வேண்டும்.

முழுசாக ஒழித்துக் காட்டிய இடங்களும் உண்டு. பசிபிக் கடலில் ரோட்டா என்றொரு சின்னத் தீவு, 85 சதுர கிலோமீட்டர்தான். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க விஞ்ஞானிகள் கரும்புச் சக்கை அட்டையைச் சின்னச் சதுரங்களாக வெட்டி, மீத்தைல் யூஜினாலும் பூச்சிக்கொல்லியும் ஊறவைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விமானத்தில் இருந்து தீவு முழுக்கப் போட்டார்கள். அந்தத் தீவில் பழ ஈ அற்றுப்போனது. ஜப்பான் தன் தென்கோடித் தீவுகளில் இதே வழியைப் பிடித்து, தீவு தீவாகப் போய், 1986-ல் இந்த ஈயை நாட்டிலிருந்தே ஒழித்தது. அங்கே சுற்றிலும் கடல் இருந்தது. உங்கள் 4 ஏக்கரைச் சுற்றி இருப்பது பக்கத்துக்காரர் மாந்தோப்பு, அதற்கடுத்து இன்னொரு மாந்தோப்பு. வெளியிலேயே இணை சேர்ந்து கரு சுமந்த பெண் ஈ உங்கள் வேலியைத் தாண்டி வந்தால் உங்கள் பொறி அதற்கு ஒன்றும் செய்யாது. அதனால் ஊரோடு சேர்ந்து மாட்டுங்கள். பத்துப் பேர் சேர்ந்து ஒரே வாரத்தில் மாட்டினால் கிடைக்கிற பலன், ஒருவர் பத்து மடங்கு மாட்டினாலும் கிடைக்காது. பஞ்சாயத்தில் பேசிப் பாருங்கள், உழவர் குழு இருந்தால் இன்னும் சுலபம்.

பெண்ணுக்கு வேறு தூண்டில் உண்டு. முட்டை உருவாகப் பெண் ஈக்குப் புரதம் வேண்டும், அதைத் தேடி அலையும். புரதக் கரைசலோடு மருந்து கலந்து, மரம் முழுக்க அடிக்காமல், அடிமரத்திலும் ஒன்றிரண்டு கிளையிலும் திட்டுத் திட்டாக அடித்தால் பெண்ணும் வந்து நக்கிச் சாகும்.

கடைசியாக, உதிர்ந்த பழம். இதை நான் எத்தனை தடவை எழுதினாலும் போதாது. அழுகின மாம்பழம் ஒன்றைத் தரையில் பிளந்து வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். முற்றிய புழு உடம்பை வில்லாக வளைத்து, வாயால் வாலைக் கவ்வி, டக்கென்று விட்டுத் துள்ளிக் குதிக்கும். அப்படியே மண்ணுக்குள் போய்க் கூண்டுப்புழுவாகி, அடுத்த ஈயாக எழும். ஒவ்வொரு உதிர்ந்த பழமும் ஒரு பண்ணை. தினமும் பொறுக்கி, 2 அடிக்குக் குறையாத குழியில் போட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் கனமான பிளாஸ்டிக் சாக்கில் கட்டி வெயிலில் போட்டுவிடுங்கள். நீலம் கடைசியில் பழுக்கிற ரகம். அதுவரை தோப்பில் உதிர்ந்த பங்கனப்பள்ளியிலும் செந்தூராவிலும் பெருகிய ஈ மொத்தமும் அதன் மேல்தான் விழுகிறது. உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேதான் இருக்கிறது.

கேள்வி: துளசியைக் கசக்கி வைத்தால் பழ ஈ வரும் என்று என் தாத்தா சொல்வார். உண்மையா, நம்பிக்கையா? — வேளாண் கல்லூரி மாணவி, மதுரை

உண்மை, தாயி. துளசி இலையில் மீத்தைல் யூஜினால் இருக்கிறது. காலையில், ஆறிலிருந்து எட்டு மணிக்குள், ஒரு பிடி துளசியைக் கசக்கிக் கொட்டாங்குச்சியில் போட்டு மாமர நிழலில் வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் குளவி மாதிரி ஒல்லி இடுப்பும் மஞ்சள் கோடுமாக ஓர் ஈ வந்து உட்காரும், அப்புறம் இன்னொன்று. அவை வெறுமனே உட்காராது, கசங்கின இலை ஓரத்தில் வாயை வைத்துத் துடைத்துத் துடைத்து நக்கும். அந்த நேரத்தில் நீங்கள் விரலைக் கிட்டே கொண்டுபோனால்கூடச் சீக்கிரம் பறக்காது.

எதற்காக நக்குகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆண் ஈ மீத்தைல் யூஜினாலைத் தின்று, உடம்புக்குள் அதை வேறு இரண்டு வாசனைப் பொருளாக மாற்றி, மலக்குடலோடு ஒட்டிய ஒரு பையில் சேர்த்து வைக்கிறது. சாயங்காலம் பெண்ணைக் கூப்பிடும்போது அந்த வாசனையைத்தான் விடுகிறது. தின்ற ஆணுக்குப் பெண் சீக்கிரம் கிடைக்கிறது. காட்டில் சில ஆர்க்கிட் பூக்கள் இந்த ஈக்களுக்காகவே மீத்தைல் யூஜினாலைச் சுரக்கின்றன, ஈ வந்து நக்கிவிட்டு முதுகில் மகரந்தத்தை ஒட்டிக்கொண்டு போகிறது. ஆக நாம் பொறியில் வைக்கிற வாசனை நாம் கண்டுபிடித்ததே இல்லை.

அது ஈயை இழுக்கிறது என்று கண்டறிந்த இடம் நம் நாடுதான் என்பது பல மாணவர்களுக்குத் தெரிவதில்லை. பீகாரில் பூசா என்ற ஊரில் அப்போது வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே பூச்சியியல் பார்த்த ஹௌலெட் என்ற ஆங்கிலேயர், கொசு அண்டாமல் இருக்கப் பூசும் சிட்ரோனெல்லா எண்ணெய்க்குப் பழ ஈக்கள் மொய்ப்பதைப் பற்றி 1912-ல் எழுதினார். கொசுவை விரட்டுகிற எண்ணெய் ஈயைக் கூப்பிடுகிறதே என்று விடாமல் பிடித்துக்கொண்டு, வருகிறதெல்லாம் ஆண் என்பதைக் கவனித்து, எண்ணெயில் எந்தப் பொருள் இழுக்கிறது என்று தேடிப்போய், 1915-ல் மீத்தைல் யூஜினாலைச் சுட்டிக்காட்டினார். உங்கள் கல்லூரித் தோட்டத்தில் துளசி, சிட்ரோனெல்லா, வெறும் தண்ணீர் என்று மூன்று கொட்டாங்குச்சி வைத்து ஒரு வாரம் எண்ணிப் பாருங்களேன், நல்ல செய்முறை அது. புடலை, பாகல் பந்தல் பக்கம் வைத்தால் ஏமாந்துபோவீர்கள். அங்கே பெருகும் ஈ வேறு இனம், அதற்குக் கியூ லூர் என்ற வேறொரு வாசனைப் பொருள்தான் சரிப்படும், மீத்தைல் யூஜினாலுக்கு வராது. வந்து வாங்குகிறவர்களிடம் எந்தப் பயிருக்கு என்று கேட்காமலே "ஈ பொறி" என்று ஒன்றை எடுத்துக் கொடுக்கிற கடைகளை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஓமானில் ஒரு பேரீச்சைத் தோட்டத்தில் மேற்பார்வை வேலை. சொந்த ஊர் இராமநாதபுரம். இங்கே சிவப்புக் கூன்வண்டுக்கு வாளிப் பொறி வைக்கச் சொல்கிறார்கள். வாசனைப் பொட்டலத்தை மட்டும் தொங்கவிட்டால் போதாதா? வாளியில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் போட்டு அது நாற்றமெடுத்து, வேலையாட்கள் முகம் சுளிக்கிறார்கள்.

போதாது, அண்ணே. நாற்றமெடுக்கத்தான் வேண்டும்.

இந்த வண்டு நம் பக்கத்துச் சரக்கு. தெற்கு ஆசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் தென்னையில் இருந்தது, 1980-களின் நடுவில் வளைகுடாவுக்குள் போய்ப் பேரீச்சையைப் பிடித்துக்கொண்டது, கன்று ஏற்றுமதி மூலம் அப்படியே மத்தியதரைக் கடல் நாடுகள் வரை போய்விட்டது. ஆண் வண்டு விடும் ஃபெருஜினியால் என்ற வாசனையை 1993-ல் கண்டுபிடித்தார்கள். அது மட்டும் இருந்தால் வண்டு கொஞ்சம் வரும். காயம்பட்டுப் புளித்த பனை மரத்தின் வாசனையும் சேர்ந்தால்தான் கூட்டமாக வரும். நிஜத்தில் அது இடம் தேடுவதே அப்படித்தான். மட்டை வெட்டின காயம், காண்டாமிருக வண்டு கடித்த ஓட்டை, இப்படிப் புளித்த சாறு வழிகிற இடமாகப் பார்த்துப் பெண் முட்டை வைக்கும். அங்கே பேரீச்சம்பழம், இங்கே கரும்புத் துண்டு, அன்னாசித் தோல், தென்னை மட்டைத் துண்டு, எது கிடைக்கிறதோ அது. வாரத்துக்கு ஒருமுறை, தாமதமானால் பத்து நாளுக்குள் மாற்றிவிடுங்கள். தண்ணீர் வற்றவே கூடாது, ஓமான் வெயிலில் இதுதான் பெரிய வேலை, நிழலில் வைத்தால் பாதிக் கஷ்டம் குறையும்.

வாளியின் வெளிப்பக்கம் சொரசொரப்பாக இருக்க வேண்டும், வழவழப்பான வாளி என்றால் சாக்கைச் சுற்றித் தைத்துவிடுங்கள். வண்டு நேராக உள்ளே பாயாது. வெளியே இறங்கி, நடந்து ஏறி, பக்கத் துளை வழியாக உள்ளே விழும். வாளியை மரத்தில் கட்டவே கட்டாதீர்கள், பொள்ளாச்சி வாசகருக்குச் சொன்ன அதே காரணம்தான், இளம் மரங்களுக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. மாம்பழ ஈ மாதிரி இல்லை, இந்தப் பொறியில் விழுவதில் பெண்தான் அதிகம், அதிலும் முட்டை சுமந்தது நிறைய. ஒரு பெண் இருநூறுக்கு மேல் முட்டையிடும். அப்படியானால் வாளியில் மிதக்கும் ஒவ்வொரு பெண் வண்டுக்கும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், வேலையாட்களிடமும் அந்தக் கணக்கைச் சொல்லுங்கள், முகம் சுளிப்பது குறையும். கூடவே மரங்களை நேரில் பாருங்கள். தண்டில் பழுப்பு நிறச் சாறு வழிகிறதா, சக்கை தள்ளியிருக்கிறதா என்று பார்த்து, சந்தேகப்பட்ட மரத்தில் காதை ஒட்டி வைத்துக் கேளுங்கள், உள்ளே புழு இருந்தால் கரகரவென்று மெல்லும் சத்தம் கேட்கும். அந்தப் புழுவைப் பொறி ஒன்றும் செய்யாது.

கேள்வி: கத்தரிக்கு எத்தனை பொறி? எந்த உயரம்?

காய்த்துளைப்பானுக்கு ஏக்கருக்கு 5. செடியின் தலைக்குச் சற்று மேலே இருக்கட்டும், செடி வளர வளரப் பொறியையும் ஏற்றிக் கட்டுங்கள், நட்டபோது கட்டின உயரத்திலேயே விட்டுவிட்டால் ஒரு மாதத்தில் இலைக்குள் புதைந்துவிடும். இங்கே வாசனை பெண் அந்துப்பூச்சியுடையது, வருவது ஆண். வாடித் தொங்குகிற நுனித்தண்டைக் கிள்ளி எரிப்பதை நிறுத்திவிடாதீர்கள். பொறிக்குள் வைக்கும் வாசனைப் பொட்டலத்தை லூர் என்பார்கள், வெறும் விரலால் அதைத் தொடாதீர்கள், ஒரு பூச்சியின் லூரைத் தொட்ட கையோடு இன்னொன்றைத் தொடுவது அதைவிடக் கெடுதல்.

கேள்வி: பொறியே வேண்டாம், வாசனையை வயல் முழுக்கப் பரப்பி ஆண் பூச்சியைக் குழப்பிவிட முடியுமாமே?

முடியும். பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு அப்படிச் செய்கிறார்கள். வாசனை ஊறின கயிற்றைச் செடிகளில் கட்டிவிட்டால், எல்லாப் பக்கமும் பெண் இருப்பது போல மணக்கும், ஆணுக்கு நிஜப் பெண் எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. அமெரிக்காவில் பி.டி. பருத்தி, மலட்டு அந்துப்பூச்சி, இந்த வாசனை எல்லாவற்றையும் சேர்த்துப் பல வருடம் பாடுபட்டு, அந்தப் புழு பருத்தி விளையும் பகுதிகளில் ஒழிந்துவிட்டது என்று 2018-ல் அறிவித்தார்கள். இதுவும் அரை ஏக்கரில் செய்கிற வேலை இல்லை. பக்கத்து வயலில் இணை சேர்ந்த பெண் பறந்து வந்துவிடும்.

கேள்வி: எலிக்கு இப்படி ஒரு வாசனை கிடையாதா? கடையில் வாங்கும் மருந்தை இரண்டு நாள் தின்கிறது, அப்புறம் தொடுவதே இல்லை. — தஞ்சாவூர் வாசகி

எலி புதுத் தீனியைப் பார்த்தால் சந்தேகப்படும், கொஞ்சம் கடித்துப் பார்த்து வயிறு கெட்டால் அந்த ருசியை மறக்கவே மறக்காது. உங்கள் வீட்டு எலி இரண்டு நாளில் பாடம் படித்துவிட்டது, அவ்வளவுதான்.

எலிக்கு எது நல்ல தீனி என்று சொல்லிக்கொடுப்பது இன்னொரு எலியின் மூச்சு. வெளியே தின்றுவிட்டு வளைக்கு வந்த எலியின் வாயை மற்ற எலிகள் மோந்து பார்க்கும். எலியின் மூச்சில் கார்பன் டைசல்ஃபைடு என்ற பொருள் கொஞ்சம் இருக்கிறது. அந்த வாசனையோடு ஒரு தீனியின் வாசனையும் சேர்ந்து வந்தால், "இதை ஒருவன் தின்றுவிட்டு உயிரோடு வந்திருக்கிறான்" என்று மற்றவை அந்தத் தீனியைத் தேடிப் போகும். கனடாவில் காலெஃப் என்ற உளவியல் விஞ்ஞானி இதை 1980-களில் சோதனை செய்து காட்டினார். அந்தப் பொருளை நாம் வீட்டில் கையாள முடியாது, தீப்பிடிக்கும், நஞ்சு. ஆனால் அந்த அறிவைப் பயன்படுத்தலாம். பொறியை முதல் இரண்டு மூன்று நாள் விசை ஏற்றாமல் சும்மா வையுங்கள். சுட்ட தேங்காயோ கருவாடோ வைத்து நன்றாகத் தின்னவிடுங்கள். தின்ற எலி வளைக்குப் போய்ச் செய்தி சொல்லட்டும். நாலாம் நாள் அதே தீனி, அதே இடம், விசையை ஏற்றுங்கள்.

கேள்வி: இந்த முறை பூச்சிக்கும் எலிக்கும் மட்டும்தானா? பெரிய உயிரினங்களுக்கு? — பத்தாம் வகுப்பு மாணவர், திருநெல்வேலி

மீனுக்குச் செய்திருக்கிறார்கள், தம்பி. வட அமெரிக்காவின் பேரேரிகளில் கடல் லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணி மீன் கால்வாய் வழியாகப் புகுந்துவிட்டது. தாடை கிடையாது, வட்ட வாயில் பல் வரிசை, வேறு மீனின் உடம்பில் அட்டை மாதிரி ஒட்டி ரத்தம் உறிஞ்சும். ஏரி மீன்பிடிப்பையே நாசமாக்கியது. முட்டையிட ஆற்றில் ஏறும்போது ஆண் லாம்ப்ரே தண்ணீரில் ஒரு வாசனையை விடும், அதை மோந்து பெண் வரும். அந்த வாசனையைச் செயற்கையாகச் செய்து, பெண்களைப் பொறிப் பக்கம் திருப்பப் பயன்படுத்துகிறார்கள். முதுகெலும்புள்ள ஒரு பிராணியின் வாசனையைக் கட்டுப்பாட்டுக்கென்று அமெரிக்க அரசு பதிவு செய்தது அதுதான் முதல் முறை. ஆனால் அங்கேயும் முக்கால்வாசி வேலையை 1950-களிலிருந்து பயன்படுத்தும் மருந்தும் தடுப்பணையும்தான் செய்கின்றன.

கேள்வி: இயற்கை விவசாயத்தில் இதை வைக்கலாமா? வாசனை நமக்குக் கெடுதலா?

லூர் காய் மேல் படுவதில்லை, அந்த வகையில் நல்லது. உங்கள் சான்றிதழ் ஆளிடம் மட்டும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் பழ ஈப் பொறிக்குள் தொங்கும் கட்டைகளில் வாசனையோடு பூச்சிக்கொல்லியும் ஊறியிருக்கும். மீத்தைல் யூஜினாலைக் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். ஆய்வகத்தில் எலிகளுக்கு அதிக அளவில் கொடுத்தபோது ஈரலில் கட்டி வந்தது. மிச்சமான கட்டையைச் சமையலறை அலமாரியில் வைக்கிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். குழந்தை கைக்கு எட்டாத இடத்தில், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

கேள்வி: பட்டுக்கோட்டையில் பொறி வைத்து 40 நாள் ஆகிறது. ஒரு வண்டுகூட விழவில்லை. ஏமாற்று வேலையா?

அவசரப்படாதீர்கள். லூர் பொட்டலத்தின் மேல் தேதி போட்டிருக்கும், பாருங்கள். கடையில் கண்ணாடிக்குப் பின்னால் வெயில் பட்டுக் கிடந்ததா என்று விசாரியுங்கள், சூடு பட்டால் வாசனை போய்விடும். பொட்டலத்தைப் பிரிக்காமலே தொங்கவிட்டவர்களும், முழுசாக வெட்டித் திறந்து ஒரே வாரத்தில் காய்ந்துபோகவிட்டவர்களும் எனக்கு எழுதியிருக்கிறார்கள். உறை மேல் எப்படிச் சொல்லியிருக்கிறதோ அப்படியே செய்ய வேண்டும். இது எல்லாம் சரியாக இருந்தால், வேறு கடையில் புது லூர் ஒன்று வாங்கி, பழையதை அப்படியே விட்டு, நூறடி தள்ளி இன்னொரு பொறியில் புதியதை மாட்டுங்கள். இரண்டு வாரம் கழித்துப் புதியதில் விழுந்து பழையதில் விழாவிட்டால் லூர் கெட்டது, கடைக்காரரிடம் போய்க் கேட்கலாம். இரண்டிலும் விழாவிட்டால் இப்போதைக்கு உங்கள் தோப்பில் வண்டு குறைவு, அதையும் நோட்டில் பூஜ்யம் என்று எழுதிவையுங்கள். கன்றுக் குருத்து வெட்டுப்படுகிறது, இரண்டு பொறியும் காலி என்றால் மட்டும் குருத்தையும் பொறியையும் படம் எடுத்து அனுப்புங்கள், அடுத்த இதழில் பார்த்துச் சொல்கிறேன்.